இரண்டு எப்படி மூன்றாகும்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய சாயங்கால ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி மருந்துத்தூள் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். இளையவள் அங்கேயே தூளை உலர்த்துபவள். "ரெண்டை மூணாக்கி உன்னை ஊட்டுக்கு அனுப்பப் பாத்தாங்கடி" என்று மூத்தவள் சொன்னதும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"இன்னாக்கா சொல்ற? ரெண்டு பர்சென்ட்டுக்கு மேல ஈரம் இருக்குதுன்னுதானே எல்லாத்தையும் கொட்டச் சொன்னாரு ஆபீசரு?"

"நான் அளந்தது ரெண்டு புள்ளி நாலு ஆறு. ரிப்போர்ட்ல முழு நம்பர்தான் எழுதணும், அத்த வச்சுத்தான் பாஸா பெயிலான்னு பாப்பாங்க. அவரு மொதல்ல அத்த ரெண்டரை ஆக்கினாரு. அப்பால அந்த ரெண்டரைய மூணாக்கிட்டாரு. 'ஒரே தடவைதான் சார் முழுசாக்கணும். அளந்தது ரெண்டரைக்குக் கீழதான் நிக்குது, அதனால ரெண்டுதான்'னு சொன்னேன்."

"அவருகிட்டயேவா?"

"எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. ரூல் பொஸ்தகத்தைப் பொரட்டினாரு. என் பேனாவையே வாங்கி மூணை அடிச்சிட்டு ரெண்டுன்னு எழுதினாரு. உன் சரக்கு பாஸு. நாளைக்கு வழக்கம்போல வா."

இளையவள் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"நல்லாத்தான் காயவச்சேன்னு அப்பவே சொன்னேனே!"