ஈயம் இல்லாத எண்ணெய்

— பீம்ராவ்ணா, உன் பிளேன் இன்ஜினுக்கு எந்தக் கோயில்ல ஞானஸ்நானம் குடுத்த? அந்த ஃபாதர் பேரைச் சொல்லு, என் வூட்டுக்காரரையும் இட்டுகினு போறேன்.

— இன்னா ஜானட்டு, எர்ணாவூர் பாலத்துல கன்டெய்னர் லாரிங்க நடுவுல ரெண்டு மணி நேரம் நின்னு வந்துகீறேன். எண்ணெய் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் குடுன்னா பிரசங்கம் பண்ற?

— ரிப்போர்ட்டைத்தான் சொல்றேன். ஜனவரில உங்க எண்ணெய்ல இரும்புத் தூள் பதினெட்டு. மார்ச்ல முப்பத்தெட்டு. உள்ள ஏதோ தேஞ்சிகினு கீது, தொறந்து பாருங்கன்னு எழுதி அனுப்பிச்சேன். இன்னிக்கு ஒண்ணு! தேஞ்ச இரும்பு திரும்பிப் போயி ஒட்டிக்கிச்சா?

— நல்லா பாத்துக்கிறோம்மா.

— தெரியுதே. அம்பது மணி நேரம் ஓடின எண்ணெய் டிகாஷனாட்டம் கறுத்துப் போவும். இது தேன் கணக்கா கீது. பன்னுல தடவித் துன்னலாம்.

— கலரை வுடு. மிசின் இன்னா சொல்லுது?

— மிசின் விழுந்து விழுந்து சிரிக்குது. உங்க பிளேனுக்கு ஊத்துற பெட்ரோல்ல ஈயம் கீது. கொஞ்ச நேரம் ஓடினாலே அது எண்ணெய்ல எறங்கிடும். இதுல ஈயமே இல்ல. இன்ஜின் மூஞ்சியவே பாக்காத எண்ணெய்ணா இது. புது டின்னை ஒடைச்சு நேரா பாட்டில்ல ஊத்திகினு வந்துகீற.

— எங்க பிளேன் ஓட்டக் கத்துக்குடுக்குற ஸ்கூல் முதலாளிதான் சொன்னாரு, ‘சுத்தமா ஒரு எண்ணெயக் குடுத்து, சுத்தமா ஒரு ரிப்போர்ட் வாங்கிகினு வா’ன்னு.

— நீயும் சொன்ன பேச்சைத் தட்டாத புள்ள. நாளைக்கு அந்த பிளேனை யாரு ஓட்டப்போறது?

— ஷாலுன்னு ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசு. மொத தபா தனியா ஏறுது. வியாசர்பாடில தெருவே சேந்து பேனர் கட்டிகீறாங்க.

— ஒத்த இன்ஜின் பிளேன்ல! பேஷ். போட்டோ ரெடியா கீது, ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு மட்டும் எழுத்தை மாத்திக்கலாம். இருவது வருசமா மெக்கானிக்கு நீ. வெக்கமா இல்ல?

— திட்டி முடிச்சிட்டியா? இப்ப இன்னா பண்ணப்போற?

— கையெழுத்து போட்டு சாக்லேட் குடுத்து அனுப்புவேன்னு பாத்தியா? ‘சாம்பிள் போலி, நெஜ எண்ணெய் வர்ற வரைக்கும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக்கூடாது’ன்னு எழுதப்போறேன்.

— மின்ன வந்த ரெண்டு ரிப்போர்ட்டும் முதலாளி டிராயர்ல தூங்கிகினு கீது. இதுவும் அங்கதான் போவும்.

— போவாது. போலின்னு எழுதினா பிளேனுங்களைக் கண்காணிக்கிற சர்க்கார் ஆபீசுக்கும் நேரா ஒரு காப்பி போவணும், எங்க லேப் ரூல் அது. இன்னிக்கே போவும்.

— நெஜமா போவுமா?

— அந்தோணியார் மேல சத்தியமா. உன் வேலையும் அது கூடவே போவும்ணா.

— போவட்டும், நீ எழுது. வேற எவனையாவது அனுப்பியிருந்தா பாதிக்குப் பாதி பழசைக் கலந்து கொண்டாந்திருப்பான், உன் மிசினே ஏமாந்திருக்கும். அதான் நானே போறேன்னு பாட்டிலைக் கேட்டு வாங்கி, நீ கண்டுபிடிக்கணும்னே ஒரு சொட்டு பழசும் கலக்காம கொண்டாந்தேன்.