போத்தலுக்குள் வளர்ந்த பூமரங்கள்

கரவனெல்லவில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். வரக்காப்பொல பஸ்ஸில் அன்று கூட்டமில்லை. இளையவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“வேலை நேரத்துல நான் வாயத் தொறந்தா மரம் செத்துப் போகும், அக்கா.”

“என்னடி சொல்றே?”

“லேப்புல பூமரத்துக் கொழுந்தத் துண்டு துண்டா வெட்டி, போத்தலுக்குள்ள வச்சி வளக்குறோம்ல? மூச்சுக்காத்து பட்டாலே பூஞ்சணம் புடிச்சிரும். நான் முதல்ல வச்ச போத்தல் அத்தனையும் கெட்டுப்போச்சி. இன்னொரு தடவ இப்படி ஆனா பழையபடி ரப்பர் தோட்டத்துக்கே போயிருன்னு எங்க லேப் மிஸ் சொல்லிட்டாங்க.”

“ஐயோ! பொறகு?”

“பக்கத்து மேசை குசுமாவோட கத பேசிகிட்டே வெட்டுனதுதான் பிழைன்னு விளங்குச்சி. அன்னையில இருந்து உள்ள போனா நான் ஊமை.”

மூத்தவள் சிரித்தாள். “நீயா? பால் வெட்டுறப்ப ஒஞ் சத்தம் அடுத்த மலைக்குக் கேக்குமே!”

“போன மாசம் கன்னுகள வெளிய எடுத்து மண்ணுல நட்டோம். வாடிருமோன்னு எனக்குச் சோறே எறங்கல. இன்னைக்குக் காலையில பாத்தா எல்லாத்துலயும் புது எல விட்டிருக்கு. ‘ஹரி, இனி நீ இங்கதான்’னு மிஸ் சொல்லிட்டாங்க.”

“அப்ப எங்ககூட வேலைக்குத் திரும்பி வர மாட்டே?”

“வர மாட்டேன் அக்கா. பால்கத்தியக்கூட கங்காணிகிட்ட குடுத்துட்டேன்.”

மூத்தவள் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

“அங்க இன்னும் ஆள் எடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு.”

“மூத்த மகளுக்கா, அக்கா?”

“அவளுக்கு என்னத்துக்கு? எனக்குத்தான்.”