கட்டிலுக்குக் கீழே ஜிபூட்டி

"மச்சான், எங்கடை வீட்டிலை நான்தான் ஜிபூட்டி."

இத்தாலியத் துறைமுக நகரொன்றில், பிரான்காச்சோப் பகுதியிலிருந்து வெயிலை இழுத்துக்கொண்டு ஊர்ந்த பேருந்தில், முன்னிருக்கைத் தாடிக்காரர் இப்படிச் சொன்னதும், நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை மனமார விட்டுவிட்டேன். அவர் பக்கத்திலிருந்த தொப்பிக்காரர் பதறினார்.

"அது என்ன வருத்தமடா? டொக்டரிட்டைக் காட்டினியோ?"

"நாடு மச்சான். ஆப்பிரிக்காவிலை, செங்கடல் வாசலிலை. நான் வேலை செய்யிற சிக்னோரா அம்மா வீட்டு டிவியிலை காட்டினவங்கள். பிரெஞ்சுக்காரன் விட்டிட்டுப் போகேக்கை உப்பும் கல்லும்தான் மிச்சம். ஆனா கப்பலெல்லாம் அந்த வாசலாலைதான் போகோணும். அமெரிக்கன், சீனன், இத்தாலியன், எல்லாருக்கும் முகாம் போட ஜிபூட்டிக்காரன் இடம் குடுத்திட்டான். இனி ஆர் அவனிலை கை வைப்பான்?"

"அதுக்கும் உனக்கும் என்ன?"

"வீட்டிலை இருக்கிற ஆறு பேரிலை ஒராள் வெளிக்கிட வேணுமெண்டு வீட்டுக்காரன் சொல்லிட்டான். மற்ற அஞ்சு பேரும் இண்டைக்கு முடிவெடுக்கினம். என்ரை கட்டில் கக்கூஸ் வாசலிலை. எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகோணும். கட்டிலுக்குக் கீழை எல்லாற்றை சாமானுக்கும் இடம் குடுத்திட்டன். ரவியின்ரை அரிசி மூட்டை, செல்வத்தின்ரை சூட்கேஸ். என்னைக் கலைச்சா அதெல்லாம் எங்கை போகும்?"

கைபேசி அடித்தது. தாடிக்காரர் "ஓம்... ஓம்..." என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"கலைச்சிட்டாங்களோ?"

"இல்லை, நான் இருக்கட்டாம். ஆனா கீழை இடம் காணாதாம். மிச்சச் சாமானைக் கட்டிலுக்கு மேலை ஏத்திட்டாங்களாம்."

"அப்ப நீ எங்கை படுப்பாய்?"

தாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே, துறைமுகத்தில் சொகுசாய்ச் சாய்ந்திருந்த கப்பல்களைப் பார்த்தார்.

"அதை டிவியிலை சொல்லேல்லை மச்சான்."