திருமணத்துக்கு ஒரு தடை

என் தம்பி வின்சனுக்குத் தேங்காய்ப்பால் சொதியில் தேசிக்காய்ப் புளி தூக்கலாக இருக்க வேண்டும். அவனுடைய ஆறு வயதிலிருந்து நான்தான் சமைத்துப் போட்டேன்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. 2009இல், கடைசிச் சண்டை நேரம், எனக்குப் பதின்மூன்று வயது. "தம்பிய வெளியில விட்டிடாத, கஞ்சி வாங்கிக்கொண்டு வாறன்" என்று சொல்லி அம்மா பங்கர்க் குழியிலிருந்து ஏறிப் போனார். வரவில்லை. அவன் அழுது திமிறினான். இரண்டு நாள் அவன்மேல் படுத்துக் கிடந்தேன். அவன் கையில் நீங்கள் கண்ட பழைய தழும்பு என் பல்.

சிறுவயதில் அப்படிப் பட்டவர்களுக்கு வளர்ந்தபின் மனம் பிசகும் என்று மனநலக் கிளினிக்கில் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நித்திரை மட்டும் இல்லை. அதற்குக் குளிசை தந்தார்கள். நான் போடுவதில்லை. நான் தூங்கினால் அவனை யார் பார்ப்பது?

மாசியில் மன்னாரில் அவனுக்குப் பெண் சரிவந்தது. பிறின்சி. இனி அங்கேதான் தொழில் என்றான்.

"நீங்களும் வாங்கோ அக்கா. அவளுக்கு மீன் வெட்டத் தெரியாது. உங்களிட்டப் பேச்சு வாங்கட்டும்."

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் பாதரிடம் சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு வாசித்ததும் போய்ச் சொன்னேன், தம்பிக்கு மனம் சரியில்லை என்று. அவர் துருவிக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

"பங்கரில கிடந்த பிள்ளையெல்லே" என்றார்.

பாதரிடம் பொய் சொல்வது பாவம். அன்று மத்தியானமே குளிசையைப் பொடியாக்கிச் சொதியில் கலந்தேன்.

இரண்டாம் ஞாயிறு பூசையில் அவன் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து சரிந்தான். மூன்றாம் ஞாயிறு அவன் பெயரை வாசிக்கவில்லை. படகுக்காரர் மரியநேசன் அவனைக் கடலுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். "பொடியனுக்குப் பழசு தட்டீட்டுது" என்றார். கிளினிக்கில் அவன் பெயருக்கும் மருந்துக் கொப்பி போட்டார்கள். அதன்பின் குளிசைக்குத் தட்டுப்பாடு இல்லை.

பிறின்சி ஒருமுறை வந்தாள்.

"வின்சன், என்னைத் தெரியுதோ?"

அவன் சிரித்தான். வாயோரம் வடிந்ததை நான் துடைத்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

எட்டு மாதம் ஊட்டினேன், குளிப்பாட்டினேன். நல்ல மாதங்கள்.

போன மாதம் கிளினிக் ஒரு கிழமை தள்ளிப்போனது. கையிலிருந்த குளிசை முடிந்தது. புதியதை வாங்கிக்கொண்டு வந்தபோது அவன் முகம் கழுவி, சட்டை போட்டு நின்றான்.

"அக்கா, மன்னார் பஸ் எத்தினை மணிக்கு?"

"நேரம் கிடக்கு. சாப்பிட்டிட்டுப் போ."

இந்த முறை நான் எண்ணிப் போடவில்லை.

"சொதி கைக்குது."

"வெந்தயம் கூடிப்போச்சு. சாப்பிடு."

முழுவதையும் சாப்பிட்டான். நான் சொன்னால் கேட்பான்.

மூன்றாம் நாள் மரியநேசன் கதவைத் தள்ளியபோது அவனை அணைத்தபடி படுத்திருந்தேன். பாயிலிருந்து எங்களைப் பிரிக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

அவனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள். எனக்கு மனம் சரியில்லை என்று மட்டும் எழுத வேண்டாம், ஐயா. எழுதினால் தம்பியை என்னிடம் திருப்பித் தரமாட்டார்கள்.