இரண்டாம் அங்கத்துப் பாட்டு

மல்யுத்தம் செய்கிற பையன்களுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வெட்கம்தான் தடை. அது மூன்றாவது வாரத்தில் போய்விடும்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக நான்தான் இசை நாடகம் போடுகிறேன். ஜனவரியில் வேஷம் பிரிப்போம், மார்ச் மூன்றாவது வாரம் திரை தூக்குவோம். நடுவில் உள்ள நாட்களில் ஆறிப்போன பீட்சாதான் சாப்பாடு. சனிக்கிழமைகளில் பழைய துணிக் கடைகளில் தொப்பி தேடுவேன். மகளுக்கு மரம் வேஷம் கொடுத்தேன் என்பதற்காக ஒரு தாய் நான்கு வருஷம் மளிகைக் கடையில் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது.

இந்த வருஷக் கதை, சிகாகோவுக்குப் போய் வானொலியில் பாட ஆசைப்படும் ஒரு பண்ணைப் பெண்ணைப் பற்றியது. நாயகி மேரன் டீடமன், பதினேழு வயது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. இதை மனசார சொல்கிறேன். அவளுடைய அப்பா கிராண்ட் டீடமன் எங்கள் பள்ளி முதல்வர். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஒருமுறை என் வீட்டு வாசல் பனியை அள்ளிப் போட்டுவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "காலையில அவ பாடிக்கிட்டே கிளம்புவா பாருங்க ஆர்லீன், அதுக்காகத்தான் நான் எழுந்திரிக்கிறதே."

நான் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

என் கணவர் லீலாண்ட் அதே பள்ளியில் முப்பத்தோரு வருஷம் பேண்டு வாத்தியக் குழுவை நடத்தியவர். கடைசி வருஷம் அவருக்கு மறதி வந்தது. வசந்தகாலக் கச்சேரியில், வாசித்து முடித்த பாட்டையே மறுபடி ஆரம்பித்தார். பிள்ளைகள் பாதிப் பேர் ஒன்றை வாசிக்க, மீதிப் பேர் இன்னொன்றை வாசித்தார்கள். யாரோ சிரித்தார்கள். கிராண்ட் மேடை ஏறி வந்து லீலாண்டின் கையிலிருந்து தாளக் கோலை வாங்கிக்கொண்டார். "நம்ம லீலாண்டுக்கு இன்னிக்குக் கொஞ்சம் களைப்பு. முப்பத்தோரு வருஷம் உழைச்சவரு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுங்க" என்றார். அறுநூறு பேர் எழுந்து நின்று தட்டினார்கள். அதை மரியாதை என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோல் இல்லாத அந்தக் கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

அதன் பிறகும் லீலாண்ட் நேரங்கெட்ட நேரத்தில் பள்ளிக்குப் போய் வாத்திய அறையைத் திறந்து உட்கார்ந்துகொள்வார். கிராண்ட் பூட்டை மாற்றினார். முன்கூட்டியே என்னிடம் சொன்னார். "அவரோட பாதுகாப்புக்குத்தான் ஆர்லீன்." நானும் சரி என்றேன். ஒரு ஜனவரி விடியலில் லீலாண்ட் கச்சேரிக்குப் போடுகிற கோட்டு மாட்டிக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். அன்று நான் அசந்து தூங்கிவிட்டேன். வாசல் கதவையும் பூட்டவில்லை. அது வேறு விஷயம். ஏழு மணிக்கு வாத்திய அறையின் வெளிக்கதவருகே, பனியில் விறைத்துப்போய்க் கிடந்த அவரைக் கண்டெடுத்தார்கள். பழைய சாவி பூட்டிலேயே சிக்கியிருந்தது. பூட்டை மாற்றாமல் விட்டிருந்தால் அவர் உள்ளே போயிருப்பார். உள்ளே கதகதப்பாக இருக்கும்.

சவ அடக்கத்தில் கிராண்ட் அழுதார். அந்த வருஷத்திலிருந்துதான் என் வாசலில் பனி அள்ள வருகிறார்.

இந்தப் பிப்ரவரியில் மேரனுக்குச் சளி பிடித்தது. சளி போன பிறகும் தொண்டை கம்மியே இருந்தது. கிராண்டுக்கு அன்று கல்விக் குழுக் கூட்டம். "குரல் சமாச்சாரம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே ஒமாஹா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டு, மருத்துவமனைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். "குரல் நாண்ல வீக்கம் இருக்கு. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு மாசம் பாட்டே வேணாம். மீறினா உள்ள ரத்தம் கசிஞ்சு தழும்பாயிடும்." அதையே எழுதி என்னிடம் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் மேரன் அழுதாள். பேசக் கூடாது என்று சொல்லியும் பேசினாள். "டீச்சர், அப்போ என் வேஷம் ஜோலீனுக்குப் போயிடுமா?" நாயகி வேஷத்துக்கு மாற்றாக ஒத்திகை பார்க்கிற பெண் ஜோலீன்.

"ஒரு மாசம்னா போயிடும்மா."

"நான் மெதுவா பாடினா?"

நான் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சொன்னேன். "டாக்டருங்க எதையும் கொஞ்சம் பயமுறுத்தித்தான் சொல்லுவாங்க. இல்லன்னா நாளைக்கு அவங்க மேல கேஸு வரும். ஆனா இந்தத் தாள நீ அப்பாகிட்ட கொடுத்துடணும். கொடுத்தா உன்ன மேடை ஏத்த மாட்டாரு. அது அவரு இஷ்டம். நான் குறுக்க வரமாட்டேன்."

தாளை அவள் மடியில் வைத்தேன். நான் சொன்னதை வரிவரியாக எடுத்துப் பாருங்கள், ஓர் ஆசிரியை சொல்லக் கூடாதது ஒன்றும் அதில் இல்லை. அவள் தாளை நான்காக மடித்தாள், பிறகு எட்டாக. காலுறைக்குள் செருகிக்கொண்டாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

சாயங்காலம் கிராண்ட் தொலைபேசியில் கேட்டார்: "கொஞ்சம் வீக்கம்தான்னு சொல்றா. அவ்வளவுதானா?"

"வீக்கம்தான். டாக்டர் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்திருக்காரு."

"அப்பாடா. நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் ஆர்லீன்?"

அடுத்த வாரம் இரண்டாம் அங்கத்துப் பெரிய பாட்டின் சுருதியை ஒரு படி ஏற்றினேன். வானொலி நிலையத்தில் அந்தப் பெண் முதன்முதலாகப் பாடும் பாட்டு அது. "இப்பத்தான் உன் குரல் மின்னுது" என்று மேரனிடம் சொன்னேன். உண்மையிலேயே மின்னியது. ஒத்திகை முடிந்ததும் தேன் கலந்த வெந்நீர் கொடுப்பேன். வலிக்குதா என்று கேட்பேன். இல்லை என்பாள். மறுபடி ஒருமுறை பாடச் சொல்வேன்.

வியாழன், வெள்ளி இரண்டு காட்சியும் தாக்குப்பிடித்தாள். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு கிராண்ட் முன்வரிசையில், மடியில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். பெரிய பாட்டின் கடைசி ஏற்றத்தில் அவள் வாய் திறந்தது, கை விரிந்தது, காற்று மட்டும் வந்தது. பிசிறு தட்டுவதுபோல இல்லை. யாரோ விளக்கை அணைத்ததுபோல இருந்தது. நான் பியானோவை நிறுத்தவில்லை. மேடையில் எது நடந்தாலும் வாத்தியம் நிற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வாசித்துக்கொண்டே கிராண்டின் முகத்தைப் பார்த்தேன். யாராவது கை தட்டுவார்களா என்று காத்திருந்தேன். யாரும் தட்டவில்லை.

ஒமாஹாவில் அறுவை செய்தார்கள். தழும்பு விழுந்துவிட்டது. இப்போது அவள் பேசினால் காகிதம் உரசுவதுபோல இருக்கிறது. பாட்டு இனிமேல் இல்லை.

கல்விக் குழு விசாரித்தது. "தாளை மாணவியிடம் கொடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். கொடுத்தேன் என்றேன். "அப்பாகிட்ட காட்டச் சொன்னீங்களா?" சொன்னேன் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. மேரன் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாளாம்: டீச்சர் மேல தப்பே இல்ல, நான்தான் ஒளிச்சு வெச்சேன்.

மறுநாள் கிராண்ட் என் வீட்டுக்கு வந்தார். பத்து வயது கூடியதுபோல இருந்தார். "எம் பொண்ணால உங்களுக்கு எவ்வளவு அவமானம். மன்னிச்சிடுங்க ஆர்லீன்" என்றார். பரவாயில்லை என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். "வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

அவர்கள் கேட்காததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த நாண் அறுந்துபோகும் என்று எனக்குத் தெரியும். அவர் முன்வரிசையில் இருக்கும்போது அறுபட வேண்டும் என்பதற்காகத்தான் சுருதியை ஏற்றினேன். அந்தப் பெண்மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இன்னொருத்தர் வீட்டில் காலை எப்படி விடியும் என்று கிராண்டுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தெரிந்துவிட்டது. என் கணக்கு அதோடு முடிந்தது, இப்போது எனக்கு யார்மீதும் பகையில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளி விட்டதும் வீட்டுக்கு வருகிறாள், பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள். போன வாரம் உற்சாகத்தோடு காதருகில் வந்து சொன்னாள்: "அப்பா மறுபடி சிரிக்க ஆரம்பிச்சிருக்காரு டீச்சர். எனக்காகப் பியானோ ஒண்ணு வாங்கிட்டாரு."

அவளுக்கு நல்ல விரல்கள். கிராண்ட் இன்னும் கொஞ்ச நாள் சிரிக்கட்டும். அவசரம் ஒன்றுமில்லை.