பிள்ளைகள் விதைத்த வயல்

தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் செல்வநாயகம் ஐயா அவர்களே, மண்ணைப் பொன்னாக்கிய முரசுமோட்டைப் பெரியோர்களே, பெற்று வளர்த்துப் பேணிக் காக்கும் தாய்மாரே, மாலை போட்டு என்னை வரவேற்று இப்போது ஏச்சு வாங்கப் போகும் அன்பர்களே, வணக்கம்!

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ரியூசன் வகுப்பு மண்டபம் கட்டப்போகிறோம், அடிக்கல் நாட்ட வாருங்கள் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளரான என்னை அழைத்தீர்கள். வந்தேன். வந்த இடத்தில் வயிறெரிந்து நிற்கிறேன்!

விழாவுக்காகக் காலையில் சிரமதானம் செய்தீர்கள். முன்பள்ளி விளையாட்டு முற்றத்தில் பிள்ளைகள் வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, வெறும் பால்மா டின்னைத் தண்ணீரைத் திறந்து மூடும் துருசுக் கதவாக நட்டு, ஒரு வயலே செய்திருந்தார்கள். துப்புரவு என்று சொல்லி அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் அடிக்கல்லுக்குக் குழியும் வெட்டிவிட்டீர்கள்.

ஐந்து வயது லக்சிகா என் கையைப் பிடித்தாள். "அன்ரி, விதைச்சுப்போட்டு இப்பதான் தண்ணி விட்டனாங்கள். அதுக்குள்ள கூட்டிப்போட்டினம்" என்றாள்.

சிரிக்கிறீர்களா? உங்கள் வரம்பில் ஒருவன் ஒரு சாண் வெட்டினால் சிரிப்பீர்களா? தண்ணீர் முறையை மாற்றினால் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எழும்பி நின்று கத்தமாட்டீர்களா? உங்கள் வயல் வயல், அவளுடைய வயல் குப்பையா?

நான் பொறியியல் படிக்கத் தொடங்கியது எங்கே தெரியுமா? சின்ன வயதில், இடம்பெயர்ந்தோர் முகாமில், குழாயடிச் சேற்றில்! ஒழுகிய நீரை மறித்துக் குளம் கட்டினேன், யோகட் கோப்பையில் மதகு வைத்தேன். அன்று இல்லாத வயலுக்கு நீர் பாய்ச்சிய அதே மனம்தான், இன்று இன்னும் வராத வெள்ளத்தைத் தாளிலே கண்டு கதவு வைக்கிறது. விளையாட்டில் முளைத்த கற்பனைதான் வளர்ந்து வேலையில் கதிர் விடுகிறது. முளையை மிதித்துவிட்டு விளைச்சலைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

என்ன, தாய்மார் வரிசையில் இருக்கும் பிரேமிளா அக்கா, பின்னேரம் விளையாடட்டும் என்கிறீர்களா? அந்தப் பின்னேரத்தைத்தானே இந்த மண்டபம் விழுங்கப் போகிறது!

ஆகவே, இந்த முற்றத்தில் இந்தக் கல்லை நான் நாட்டமாட்டேன். தலைவர் ஐயா கோபிக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு மண்டபம் வேண்டுமென்றால் வேறு காணி பாருங்கள், வரைபடம் நானே கீறித் தருகிறேன். ஆனால் வெட்டிய குழியை வெட்டிய கைகளே மூடவேண்டும். மூடிவிட்டு, பக்கத்து வயல்காரனிடம் கேட்பதுபோல லக்சிகாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

ஏச்சையும் இருந்து கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. மண்வெட்டி கொண்டு வந்தவர்கள் முதலில் எழும்புங்கள். வணக்கம்!