குட்டி வீட்டு விளக்கு

எங்கள் விளையாட்டை விளையாட யாரும் ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரிக்க வருகிற அதிகாரிகள் நீங்கள் எல்லோரும் காசில்தான் ஆரம்பிக்கிறீர்கள்.

பதினோரு வருடமாக ஓடுகிற ஆன்லைன் விளையாட்டு அது. வீடு கட்டலாம், தோட்டம் போடலாம், பக்கத்து வீட்டுக்காரர்களோடு அரட்டை அடிக்கலாம். முதலில் தொப்பியும் திரைச்சீலையும் மட்டும் விற்றோம். ஒரு ஆளுக்கு எத்தனை தொப்பி தேவைப்படும்? பிறகு காத்திருக்காமல் கட்டி முடிக்கும் வசதியை விற்றோம், பிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியை, பிறகு மாதச் சந்தாவை. வருடம் ஏற ஏறப் புது ஆட்கள் வருவது குறையும், செலவு குறையாது. இருப்பவர்களிடம்தான் கேட்டாக வேண்டும். அடுத்து எதை விற்கலாம் என்று யோசிப்பதுதான் என் உத்தியோகம்.

என் அக்கா மகள் குட்டி ஒன்பது வயதிலிருந்து அதில் விளையாடினாள். அத்தான் விட்டுப்போன பிறகு அக்காவுக்கு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். பதினான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் அவளையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அக்கா தினமும் விளையாட்டுக்குள் போய், குட்டி கட்டிய மஞ்சள் வீட்டு வாசலில் தன் சார்பில் அங்கே நடமாடும் பொம்மையை நிறுத்திவிட்டு, போனைப் பார்த்தபடி சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அதை நேரில் பார்த்தேன். மறுநாள் அலுவலகத்தில், இப்படி ஆளில்லாத வீட்டு வாசலில் போய் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு எடுக்கச் சொன்னேன். நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள்.

அப்படித்தான் விளக்கு வந்தது. ஆளில்லாத வீட்டு வாசலில் யாராவது விளக்கு வாங்கி வைத்தால் வீடு நிற்கும், அணைந்தால் போய்விடும். முதலில் ஒரு விளக்கு முப்பது நாள் எரிந்தது. பிறகு ஏழு நாள். பிறகு மூன்று நாள். விலையை நாங்கள் ஏற்றவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தப் புது விதியையும் முதலில் பாதிப் பேரிடம் சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வீட்டு எண் ஒற்றைப்படையில் முடிந்தால் மூன்று நாள் விளக்கு, இரட்டைப்படை என்றால் பழையபடி ஏழு நாள். குட்டி வீட்டு எண் ஏழில் முடியும்.

"நீ அங்கதானேடா வேல பாக்குற. அவ வீட்ட மட்டும் விட்டுடச் சொல்லு. உங்கிட்ட வேற எதுவும் நான் கேட்டதில்ல" என்றாள் அக்கா.

பார்க்கிறேன் என்றேன். ஒரு வீட்டை மறுபக்கம் மாற்ற எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் சொந்தக்காரர்களுக்காகக் கை வைத்தால் சோதனையே கெட்டுப்போகும். நான் என்ன செய்ய முடியும்?

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளும் அவள் போனைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தபோது மஞ்சள் வீடு இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான்டா அவளத் தொலச்சேன்."

வீடு போன பத்தாம் நாள் மீட்புக் கட்டணம் என்று ஒன்றை அவளிடம் கேட்டோம். விளக்கு விலையைப்போல இருபது மடங்கு. யோசனை என்னுடையது. அக்கா வளையலை விற்றுக் கட்டினாள். வீடு திரும்பி வந்தது, குட்டி பாதியில் விட்ட வேலியோடு. நான்தான் மேலிடத்தில் பேசி வாங்கிக் கொடுத்தேன் என்று நினைத்து, என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வீடு அழியவே இல்லை. எந்த வீடும் அழியவில்லை. எதையும் அழிக்கிற பழக்கமே எங்களிடம் கிடையாது. மேலே புல்லைக் காட்டினோம், அவ்வளவுதான். பத்து நாள் என்பதும் வாய்க்கு வந்த எண் அல்ல. ஐந்தாம் நாள் கேட்டால் கோபமாக இருப்பார்கள், இருபதாம் நாள் கேட்டால் மனசு ஆறிப்போயிருக்கும்.

இப்போதெல்லாம் அக்காவுக்கு மறந்துவிடக் கூடாதே என்று மூன்று நாளைக்கு ஒருமுறை நானே போன் செய்து விளக்கை ஞாபகப்படுத்துகிறேன். கூடப்பிறந்தவன் இதுகூடச் செய்யாவிட்டால், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?